டொமைன் பூட்டு திறக்க மறுக்கிறது: மன்றத்தின் தளத்தை வேறு பதிவாளருக்கு மாற்ற என்ன வழி?

மாலைப்பள்ளிச் செயலர் | சாட்ஸ்வொர்த் | மே 30, இரவு 9.40

வணக்கம். தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் வாரம் இரண்டு மாலை தமிழ் வகுப்பு நடத்தும் சிறிய மன்றம் ஒன்றுக்கு இந்த ஆண்டு நான் செயலர். போட்டியிட்டு வென்ற பதவி அல்ல. கூட்டத்துக்குத் தாமதமாகப் போனேன். அதற்குள் என் பெயரை எழுதிவிட்டார்கள்.

மன்றத்துக்கு இரண்டு டொமைன்கள், அதாவது இணைய முகவரிப் பெயர்கள் உண்டு. ஒன்று டாட் ஆர்க் (.org), மற்றது கோ டாட் இசட்ஏ (.co.za). இரண்டையும் 2009-இல் ஓர் அன்பர் தம் சொந்தப் பெயரில் பதிந்து கொடுத்தார். அவர் குடும்பத்தோடு பெர்த்துக்குக் குடியேறிப் பல ஆண்டுகள் ஆகின்றன. பதிவில் இருந்த அவருடைய மின்னஞ்சல் முகவரியும் எப்போதோ செத்துவிட்டது; சேவை தந்த நிறுவனமே அந்த மின்னஞ்சலை மூடிவிட்டது. கணக்கின் கடவுச்சொல் மட்டும் பொருளாளரின் நோட்டில், போன ஆடி மாதக் கூழுக்கு வாங்கிய சோளமாவு, தயிர்க் கணக்குக்குக் கீழே பென்சிலால் எழுதப்பட்டிருந்தது.

இப்போதுள்ள பதிவாளர் (டொமைனைப் பதிந்து தரும் நிறுவனம்) டாலரில் கட்டணம் வாங்குகிறார். ரேண்டில் கட்டும் உள்ளூர் நிறுவனம் ஒன்றுக்கு மாறலாம் என்று குழுவில் முடிவாயிற்று. ஒழுங்காகச் செய்வோம் என்று மே 28 அன்று கணக்கைத் திறந்து, முதல் வேலையாக டாட் ஆர்க் டொமைனின் உரிமையாளர் பெயரை மன்றத்தின் பெயராகவும், மின்னஞ்சலை மன்றத்தின் முகவரியாகவும் மாற்றினேன். இன்று, டொமைனை வேறு பதிவாளரிடம் போகவிடாமல் தடுக்கும் பூட்டைத் திறக்கப் போனால் பொத்தான் மங்கிக் கிடக்கிறது. ஜூலை 27 வரை திறக்க முடியாது என்று ஒரு வரி மட்டும் தெரிகிறது.

டாட் ஆர்க் ஜூலை 9-இல் காலாவதி ஆகிறது. ஆடிக் கூழ் அறிவிப்பும் ஐஸ்டெட்ஃபோட் என்ற கலைப் போட்டிக்கான படிவமும் அந்தத் தளத்தில்தான் இருக்கின்றன. என்ன செய்வது?


பீட்டர்மாரிட்ஸ்பர்க்காரன் | மே 30, இரவு 10.05

பூட்டை விடுங்கள் அண்ணா. மாற்றத்துக்கான கடவுச்சொல் மாதிரியான அங்கீகாரக் குறியீட்டைக் கேட்டு வாங்கிப் புதிய நிறுவனத்திடம் கொடுத்தால் வேலை முடிந்தது. பழையவர்கள் தடுத்தால், டொமைன்களுக்கு உலக அளவில் விதி வகுக்கும் ஐகானில் புகார் கொடுங்கள். வாடிக்கையாளரைப் பிடித்துவைக்க இவர்கள் எல்லோரும் ஆடும் ஆட்டம்தான் இது.


வலைக்கொல்லன் | லெனேசியா | மே 30, இரவு 11.20

தம்பி அவசரப்படுகிறார். பூட்டு இருக்கும்போது குறியீடு கையில் இருந்தும் பயனில்லை. பூட்டு என்று நாம் சொல்வது பதிவகத்தின் ஏட்டில் அந்த டொமைனுக்கு எதிரே எழுதப்பட்டிருக்கும் ஒரு நிலைக்குறிப்பு: 'கிளையன்ட் டிரான்ஸ்ஃபர் ப்ரோஹிபிட்டட்'. அது இருக்கும்வரை புதிய பதிவாளர் அனுப்பும் மாற்றக் கோரிக்கையைப் பதிவகத்தின் எந்திரமே திருப்பி அனுப்பிவிடும். மனிதர் யாரும் அதைப் பார்ப்பதுகூட இல்லை.

இங்கே பதிவகம் வேறு, பதிவாளர் வேறு. டாட் ஆர்க் முழுவதற்குமான ஏட்டை வைத்திருப்பது பதிவகம். 2003 முதல் அது பப்ளிக் இன்ட்ரஸ்ட் ரெஜிஸ்ட்ரி. அந்த ஏட்டில் நம் சார்பில் எழுதும் உரிமை பெற்ற கடைக்காரர் பதிவாளர். 'கிளையன்ட்' என்று தொடங்கும் நிலைக்குறிப்பைப் போடுவதும் எடுப்பதும் பதிவாளர் கையில் உள்ளது. 'சர்வர்' என்று தொடங்கினால் பதிவகமே போட்டது. வழக்கு, தகராறு, அல்லது வங்கிகள் காசு கொடுத்துப் போட்டுக்கொள்ளும் பதிவகப் பூட்டு. செயலரே, உங்களுடையது எது? ஐகான் தளத்தில் உள்ள தேடல் பக்கத்தில் டொமைனைக் கொடுத்துப் பாருங்கள். பழைய 'ஹூஇஸ்' தேடல் சேவை வேண்டாம். டாட் காம், டாட் ஆர்க் போன்ற பொது டொமைன்களுக்கு அதை நடத்தியாக வேண்டும் என்ற கட்டாயம் 2025 ஜனவரி 28-உடன் முடிந்துவிட்டது, இப்போது அதன் இடத்தில் ஆர்டாப் என்ற புதிய சேவைதான்.


மாலைப்பள்ளிச் செயலர் | மே 31, காலை 6.15

பார்த்தேன். 'கிளையன்ட் டிரான்ஸ்ஃபர் ப்ரோஹிபிட்டட்' ஒன்று மட்டும் இருக்கிறது. நான் மாற்றம் செய்வதற்கு முன்னாலும் இதுவேதான் இருந்தது. அப்போது பொத்தான் பச்சையாக இருந்ததே?


வலைக்கொல்லன் | மே 31, காலை 8.50

பலரையும் குழப்புவது அந்த இடம்தான். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு பூட்டும் ஒன்றுபோலவே தெரியும். முன்பு இருந்தது உங்கள் வசதிக்கான பூட்டு. நீங்கள் போடலாம், எடுக்கலாம். நீங்களாக எடுக்க வசதி தராத பதிவாளராக இருந்தால், கேட்ட 5 நாட்களுக்குள் அவர் எடுத்துத் தர வேண்டும். குறியீட்டுக்கும் அதே 5 நாள் கெடு. இப்போது இருப்பது விதியின்படி விழுந்த பூட்டு. அதே நிலைக்குறிப்புதான், ஆனால் 60 நாட்களுக்கு எடுத்துத் தர மாட்டார்கள்.

2016 டிசம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ள விதி இது. உரிமையாளரின் பெயர், நிறுவனப் பெயர், மின்னஞ்சல் மூன்றில் எதை மாற்றினாலும் 'உரிமையாளர் மாற்றம்' என்று கணக்கு. அன்றிலிருந்து 60 நாள் பதிவாளர் மாற்றம் இல்லை. வீட்டு முகவரியையோ தொலைபேசி எண்ணையோ மட்டும் மாற்றினால் இது விழாது. வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லி விலக்குப் பெற வழி உண்டு, பதிவாளர் அந்த வசதியைத் தந்திருந்தால். ஆனால் மாற்றத்தைச் செய்வதற்கு முன் சொல்லியிருக்க வேண்டும். பின்னால் கேட்டால் கிடைக்காது. மே 28-இலிருந்து எண்ணிப் பாருங்கள், ஜூலை 27 சரியாக வருகிறது. அவர்கள் உங்களை ஏமாற்றவில்லை.

சேமிக்கும் பக்கத்தில் சிறிய எழுத்தில் ஒரு கட்டம் இருந்திருக்குமே?


மாலைப்பள்ளிச் செயலர் | மே 31, காலை 9.10

இருந்தது. '60 நாள் பூட்டிலிருந்து விலக்கு' என்ற மாதிரி ஏதோ ஒன்று. பாதுகாப்பைக் குறைக்கும் விஷயம் என்று நினைத்து வேண்டுமென்றே விட்டுவிட்டேன்.


பீட்டர்மாரிட்ஸ்பர்க்காரன் | மே 31, காலை 9.12

அய்யோ அண்ணா.


உம்கெனி அக்கா | டர்பன் | மே 31, மதியம் 1.30

சமையல் முடித்து இப்போதுதான் படிக்கிறேன். கணக்காயர் அலுவலகம் ஒன்றில் இந்த வேலையையும் சேர்த்துப் பார்ப்பவள் நான். பூட்டைப் பற்றியே எல்லோரும் பேசுகிறீர்கள். தம்பிக்கு உண்மையில் என்ன நஷ்டம் என்று யாரும் கேட்கவில்லை.

தம்பி, பூட்டு தடுப்பது ஒன்றே ஒன்றை: டொமைனை வேறு பதிவாளருக்கு மாற்றுவதை. தளம் எங்கே ஓடுகிறது என்பதை அது தடுக்காது. டொமைன் பெயரைத் தேடி வருபவர்களுக்கு வழிகாட்டும் நேம் சர்வரை இன்றே மாற்றலாம். தளத்தின் கோப்புகளைப் புதிய நிறுவனத்தின் சர்வருக்கு இன்றே கொண்டுபோகலாம். மின்னஞ்சலையும் அப்படியே. ஜூலை 27 வரை பழைய கடையில் இருக்கப்போவது டொமைனின் பதிவு மட்டும்தான். நிலைக்குறிப்பில் 'கிளையன்ட் அப்டேட் ப்ரோஹிபிட்டட்' என்று இருந்தால்தான் நேம் சர்வரும் நகராது. உங்களுக்கு அது இல்லை என்கிறீர்கள்.

காலாவதிக்கு வருகிறேன். ஜூலை 9-க்கு முன் பழைய பதிவாளரிடமே ஓர் ஆண்டுக்குப் புதுப்பித்துவிடுங்கள். இன்னும் ஓர் ஆண்டு டாலரில் கட்ட வேண்டியதுதான், தலையெழுத்து. ஆனால் காசு வீணாகாது. பதிவாளர் மாறும்போது இருக்கும் காலம் அப்படியே கூடவே வரும், மேலும் ஓர் ஆண்டு சேரும். மொத்தம் 10 ஆண்டைத் தாண்டக் கூடாது, அவ்வளவுதான்.


வலைக்கொல்லன் | மே 31, மதியம் 2.05

அக்கா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன், காசு சம்பந்தப்பட்டது. தானியங்கிப் புதுப்பிப்பை நம்பி விடாதீர்கள். ஜூலை 9-க்கு முன் நீங்களே பொத்தானை அழுத்திப் புதுப்பியுங்கள்.

காரணம் இது. காலாவதி நாளில் பதிவகம் தானாகவே ஓர் ஆண்டை ஏட்டில் ஏற்றும். அதற்குப் பின் 45 நாள் சலுகைக் காலம். அந்த 45 நாளுக்குள் டொமைன் வேறு பதிவாளருக்குப் போனால், தானாக ஏறிய அந்த ஆண்டு ரத்தாகிவிடும். பதிவகம் அதற்கான தொகையைப் பழைய பதிவாளருக்குத் திருப்பித் தரும். பழைய பதிவாளர் உங்களுக்குத் திருப்பித் தருவாரா என்பது அவர் கடையின் விதியைப் பொறுத்தது. நீங்களாகவே முன்கூட்டிப் புதுப்பித்த ஆண்டு அப்படி ரத்தாகாது. ஜூலை 28-இல் மாற்றப்போகிறீர்கள் என்றால் சரியாக அந்த 45 நாளுக்குள் விழுகிறீர்கள். பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு இந்த வித்தியாசம் தெரியாது. 'மாற்றினேன், ஓர் ஆண்டைத் திருடிவிட்டார்கள்' என்று புலம்புவார்கள்.


கரும்புத்தோட்டம் | டொங்காட் | ஜூன் 1, காலை 7.00

இழையை முழுவதும் படித்தேன். நான் கணினிக்காரன் இல்லை, ஓய்வுபெற்ற வழக்குரைஞன். எனக்கு ஒரு சந்தேகம். உரிமையாளர் பெயரை மாற்றினால் பழைய உரிமையாளரின் ஒப்புதலும் வேண்டுமே? அவருடைய மின்னஞ்சலோ செத்துப்போனது. பிறகு செயலர் எப்படி மாற்றினார்?

அது போகட்டும், இந்த 60 நாள் பூட்டை எல்லோரும் திட்டுவதால் இரண்டு பழைய கதைகளைச் சொல்லத் தோன்றுகிறது.

முதலாவது 1995. அமெரிக்காவில் ஒருவர் மூன்றெழுத்து டாட் காம் பெயர் ஒன்றை வைத்திருந்தார். அந்தப் பெயரை இந்த இழையில் எழுத என் கை கூசுகிறது, நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள். அவருடைய நிறுவனம் அந்தப் பெயரைக் கைவிட்டுவிட்டதாகப் பொய்க் கடிதம் ஒன்றைத் தயாரித்து, இன்னொருவர் பதிவாளரிடம் கொடுத்தார். பதிவாளர் உரிமையாளருக்கு ஒரு தொலைபேசி அழைப்பைக்கூடச் செய்யாமல் பெயரை மாற்றிக் கொடுத்துவிட்டார். வழக்கு ஆண்டுக்கணக்கில் நடந்தது. திருடியவர் 65 மில்லியன் டாலர் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. ஆள் நாட்டை விட்டே ஓடிவிட்டார். பதிவாளருக்கும் பொறுப்பு உண்டா என்ற கேள்வியில், டொமைன் பெயரும் ஒரு சொத்துதான் என்று 2003-இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. வழக்குரைஞர்கள் இன்றும் அதைப் புரட்டுகிறார்கள்.

இரண்டாவது பானிக்ஸ். நியூயார்க்கின் பழைய இணையச் சேவை நிறுவனங்களில் ஒன்று. 2005 ஜனவரியில் ஒரு வார இறுதியில் அதன் டாட் காம் டொமைன் உரிமையாளருக்குத் தெரியாமலே வேறு நாட்டுப் பதிவாளர் ஒருவரிடம் போய்விட்டது. வாடிக்கையாளர்களின் அஞ்சலெல்லாம் திசைமாறிப் போயிற்று. விடுமுறை என்பதால் அந்தப் பக்கம் தொலைபேசியை எடுக்கவும் ஆளில்லை. அதற்கு இரண்டு மாதம் முன்னால்தான், 2004 நவம்பரில், பழைய பதிவாளர் 5 நாளுக்குள் மறுக்காவிட்டால் மாற்றம் தானே நடந்துவிடும் என்ற விதி வந்திருந்தது. வாடிக்கையாளரைப் பிடித்துவைக்கக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் வந்த விதி. திருடனுக்கும் அதுவே வசதியாயிற்று.

டர்பன் வீடுகளுக்குக் கம்பிக் கதவு ஏன் என்று யாரும் கேட்பதில்லை.


மாலைப்பள்ளிச் செயலர் | ஜூன் 1, காலை 8.25

ஐயா, அந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை. உள்ளே போனேன், மாற்றினேன், 'ஏற்கப்பட்டது' என்று வந்தது.


வலைக்கொல்லன் | ஜூன் 1, காலை 9.40

ஐயா, விதி நீங்கள் சொன்னபடிதான். பழையவரும் புதியவரும் இருவரும் ஒப்ப வேண்டும். ஆனால் உரிமையாளர் தம் சார்பில் ஒப்ப ஒரு முகவரை நியமிக்கலாம் என்று ஒரு கிளை விதி இருக்கிறது. பல பதிவாளர்கள் ஒப்பந்தத்திலேயே தங்களை அந்த முகவராக எழுதிக்கொள்கிறார்கள். கணக்குக்குள் வந்தவர் உரிமையாளர்தான் என்று எடுத்துக்கொண்டு, அவர்களே இரண்டு கையெழுத்தையும் போட்டுவிடுகிறார்கள்.

ஆனால் செயலர் செய்த வரிசையில் எனக்குக் கருத்து வேறுபாடு உண்டு. கணக்குக்குள் போக முடிந்தால், முதலில் பதிவாளரை மாற்று, பிறகு பெயரை மாற்று. இதுவே நான் வாடிக்கையாளர்களுக்குச் சொல்வது. பூட்டைத் திறக்கலாம், குறியீட்டைத் திரையிலேயே எடுக்கலாம். பழைய பதிவாளர் உறுதிகேட்டு அனுப்பும் மடல் செத்த முகவரிக்குப் போனாலும் பாதகமில்லை. 5 நாள் பதில் இல்லையென்றால் மாற்றம் நடந்துவிடும்.


கரும்புத்தோட்டம் | ஜூன் 1, காலை 11.15

பானிக்ஸில் நடந்ததும் அதுதான் தம்பி! செத்த முகவரியின் மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளும் வழியை ஒரு பொது மன்றத்துக்குச் சொல்லித் தருகிறீர்களே. பெர்த்தில் இருப்பவர் நல்லவர் என்பதால் பிரச்சினை இல்லை. நாளை அவர் பிள்ளைகள் 'அப்பாவின் பெயரில் இருந்ததை எங்களைக் கேட்காமல் எடுத்துப் போனார்கள்' என்று வந்தால்? ஏட்டில் முதலில் மன்றத்தின் பெயர் வரட்டும். இரண்டு மாதம் காத்திருப்பதால் வானம் இடிந்து விழாது. செயலர் தெரியாமல் செய்தாலும் சரியாகவே செய்திருக்கிறார். பெர்த்துக்காரரிடம் ஆட்சேபம் இல்லை என்று ஒரு மடல் வாங்கிக் குழுவின் கோப்பில் வைத்தால் இன்னும் நல்லது.


வலைக்கொல்லன் | ஜூன் 1, காலை 11.30

மடல் வாங்குவது சரி. வரிசையில் என் கருத்து அதேதான்.


உம்கெனி அக்கா | ஜூன் 1, மாலை 4.00

நீங்கள் இருவரும் தீபாவளி வரை வாதாடுங்கள். தம்பி, கோ டாட் இசட்ஏ பற்றி யாரும் பேசவில்லை. அது வேறு ஊர், வேறு சட்டம். நாட்டு டொமைன் என்பதால் ஐகானின் 60 நாள் விதி அதற்குப் பொருந்தாது. அங்கீகாரக் குறியீடும் கிடையாது. குறியீடு கொடுங்கள் என்று பழைய நிறுவனத்தைக் கேட்டு அலையாதீர்கள். புதிய நிறுவனம் கோரிக்கையைத் தொடங்கியதும், பதிவில் இருக்கும் உரிமையாளரின் மின்னஞ்சலுக்குப் பதிவகத்திலிருந்து ஒப்புதல் கேட்டு மடல் வரும். அதில் உள்ள இணைப்பைத் திறந்து 'சம்மதம்' கொடுத்தால் போதும்.

அதாவது அங்கே மின்னஞ்சல் முகவரிதான் சாவி. உங்கள் கோ டாட் இசட்ஏ பதிவில் இன்னும் செத்த முகவரி இருக்கிறதா, பாருங்கள். இருந்தால் அதை முதலில் மாற்றுங்கள். இங்கே அப்படி மாற்றினால் 60 நாள் தண்டனை இல்லை.


பீட்டர்மாரிட்ஸ்பர்க்காரன் | ஜூன் 1, மாலை 5.20

அப்படியானால் டாட் டர்பன்? அதுவும் நம் ஊர்ப் பெயர்தானே, குறியீடு வேண்டாமா?


வலைக்கொல்லன் | ஜூன் 1, மாலை 6.10

வேண்டும். டாட் டர்பன், டாட் கேப்டவுன், டாட் ஜோபர்க் மூன்றும் 2014-இல் வந்த பொது டொமைன்கள். கோ டாட் இசட்ஏ ஏட்டை வைத்திருக்கும் அதே பதிவகம்தான் இவற்றையும் நடத்துகிறது, ஆனால் ஐகானோடு செய்த ஒப்பந்தத்தின் கீழ். ஆகவே பூட்டு, குறியீடு, 60 நாள் எல்லாம் டாட் காம் போலவே. டாட் ஆப்பிரிக்காவும் அப்படியே. ஊர்ப் பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள்.


உம்கெனி அக்கா | ஜூன் 8, இரவு 8.45

தம்பி, ஒரு வாரமாகச் சத்தமே இல்லை. வேறொரு வாடிக்கையாளர் வேலையைச் செய்யும்போது உங்கள் நினைவு வந்தது. மின்னஞ்சல் முகவரியை மாற்றினீர்களே, அதை உறுதிப்படுத்தச் சொல்லிப் பதிவாளரிடமிருந்து மடல் வந்ததா? 15 நாளுக்குள் அந்த இணைப்பைச் சொடுக்காவிட்டால் டொமைனை நிறுத்திவைத்துவிடுவார்கள். 'கிளையன்ட் ஹோல்ட்' என்று நிலை வரும். தளமும் போகும், அஞ்சலும் போகும். உங்களுக்கு ஜூன் 12 கடைசி நாள்.


மாலைப்பள்ளிச் செயலர் | ஜூன் 9, காலை 5.50

அக்கா, உங்களுக்குக் கோடி வணக்கம். குப்பை அஞ்சல் பெட்டியில், ஷாம்பு விளம்பரத்துக்கும் லாட்டரி விழுந்திருக்கிறது என்ற மடலுக்கும் நடுவில் கிடந்தது. மே 28 இரவே வந்திருக்கிறது. ஆங்கிலத்தில் 'உடனே சொடுக்குங்கள், இல்லையென்றால் உங்கள் டொமைன் நிறுத்தப்படும்' என்ற தொனி. பார்த்தால் மோசடி மடல் மாதிரியே இருக்கிறது. மன்றத்தின் அஞ்சல் பெட்டியை அன்றாடம் பார்ப்பது பொருளாளரின் மகள். அவள் மூன்று நாள் முன் கண்ணில் பட்டும் ஏமாற்று வேலை என்று விட்டுவிட்டாளாம். அவளைக் குறை சொல்ல முடியாது, சந்தேகப்படத்தானே கற்றுக்கொடுத்திருக்கிறோம்.

இணைப்பைச் சொடுக்காமல், பதிவாளரின் தளத்துக்கு நானே நேராகப் போய் உள்நுழைந்து, அங்கிருந்து இன்னொரு மடல் அனுப்பச் சொல்லி உறுதிப்படுத்தினேன். முடிந்தது.


கரும்புத்தோட்டம் | ஜூன் 9, காலை 7.10

மடலில் வந்த இணைப்பை நம்பாமல் நேராகப் போனீர்களே, அதற்கு ஒரு சபாஷ்.


மாலைப்பள்ளிச் செயலர் | ஜூன் 24, இரவு 9.15

நிலவரம். கோ டாட் இசட்ஏ புதிய நிறுவனத்துக்கு வந்துவிட்டது. அக்கா சொன்னபடி முதலில் மின்னஞ்சலை மாற்றினேன், பிறகு கோரிக்கை, பிறகு சம்மத மடல். நான் பயந்த அளவுக்கு எதுவும் இல்லை.

டாட் ஆர்க் தளத்தையும் புதிய சர்வருக்குக் கொண்டுபோய் நேம் சர்வரை மாற்றிவிட்டேன். அதில் ஒரு தவறு செய்தேன். டொமைன் பெயர் எந்தச் சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் பழைய டிஎன்எஸ் பக்கத்தில் பன்னிரண்டு வரிகள் இருந்தன. தளத்துக்கான வரிகளை மட்டும் புதிய இடத்தில் எழுதினேன். அஞ்சலுக்கான எம்எக்ஸ் வரிகளை எழுதவில்லை. தளத்தை நகர்த்தினால் அஞ்சலும் தானாக வரும் என்று நினைத்தேன். ஒன்றரை நாள் மன்றத்துக்கு ஒரு மடலும் வரவில்லை. பெற்றோர் யாரும் எழுதவில்லை போலிருக்கிறது, அமைதியாக இருக்கிறது என்று மகிழ்ந்தேன்.


வலைக்கொல்லன் | ஜூன் 24, இரவு 10.00

பூட்டால் கெட்டவர்களைவிட இந்த எம்எக்ஸ் வரியால் கெட்டவர்கள் அதிகம். பழைய பக்கத்தை எழுத்து விடாமல் படமெடுத்து வைத்துக்கொண்டீர்களா? பதிவாளர் மாற்றம் முடிந்ததும் பழைய நிறுவனம் தன்னிடமுள்ள டிஎன்எஸ் பதிவுகளை அழித்துவிடும். பிறகு கேட்டால் கிடைக்காது. நீங்கள் நேம் சர்வரை முன்பே மாற்றியது ஒரு விதத்தில் நல்லதாயிற்று. இல்லாவிட்டால் மாற்ற நாளன்று தளம் இருட்டாகியிருக்கும்.

இன்னொன்று: டிஎன்எஸ்செக், அதாவது டிஎன்எஸ் பதில்களுக்குக் கையொப்பமிடும் பாதுகாப்பு, போட்டிருந்தார்களா? பதிவகத்தில் அந்தக் கையொப்பத்தைச் சரிபார்க்க உதவும் பழைய டிஎஸ் வரி இருந்து, புதிய நேம் சர்வரில் அதற்குரிய கையொப்பம் இல்லையென்றால், சரிபார்க்கும் இணையச் சேவைகள் வழியே வருபவர்களுக்குத் தளமே திறக்காது. சிலருக்குத் திறக்கும், சிலருக்குத் திறக்காது. ஆளைப் பைத்தியமாக்கும் கோளாறு அது.


மாலைப்பள்ளிச் செயலர் | ஜூன் 24, இரவு 10.20

படமெடுத்தேன். டிஎஸ் வரி எதுவும் இல்லை. எம்எக்ஸ் இப்போது சரி. தேங்கியிருந்த நாற்பத்து மூன்று மடல்கள் சேர்ந்து வந்தன. அமைதி போயிற்று.


மாலைப்பள்ளிச் செயலர் | ஜூலை 3, மாலை 6.30

டாட் ஆர்க் புதுப்பித்தாயிற்று, கையாலேயே. தானியங்கியை அணைத்துவிட்டேன். பெர்த் அன்பரிடமிருந்தும் மடல் வந்தது: 'எனக்கு ஆட்சேபம் இல்லை. முதல் ஏழு ஆண்டு என் அட்டையிலிருந்து கட்டினேன், அதைத் திருப்பிக் கேட்க மாட்டேன், கூழ் படம் மட்டும் அனுப்புங்கள்.' ஐயா சொன்னபடி கோப்பில் வைத்திருக்கிறோம்.


மாலைப்பள்ளிச் செயலர் | ஜூலை 28, இரவு 8.05

இன்று காலை பொத்தான் பச்சை. பூட்டைத் திறந்தேன். அரை மணி நேரத்தில் ஐகான் தேடல் பக்கத்திலும் 'ப்ரோஹிபிட்டட்' போய் 'ஓகே' என்று மாறியது. குறியீடு மடலில் வந்தது. அதைப் புதிய நிறுவனத்தில் ஒட்டினால் 'செல்லாத குறியீடு'. மூன்று முறை. நான்காவது முறைக்குக் கை நடுங்குகிறது. ஏதாவது பூட்டு மறுபடி விழுமா?


உம்கெனி அக்கா | ஜூலை 28, இரவு 8.20

குறியீட்டை இங்கே போட்டுவிடாதீர்கள்! அதன் முன்னும் பின்னும் வெற்றிடம் ஒட்டியிருக்கிறதா, பூஜ்யமும் ஓ எழுத்தும் மாறியிருக்கிறதா, அதில் சிறப்புக் குறிகள் ஏதாவது இருக்கின்றனவா, இவற்றை மட்டும் சொல்லுங்கள்.


மாலைப்பள்ளிச் செயலர் | ஜூலை 28, இரவு 8.31

நடுவில் ஒரு & குறி இருக்கிறது. அதற்குப் பின்னால் ஏ, எம், பி, ஓர் அரைப்புள்ளி.


வலைக்கொல்லன் | ஜூலை 28, இரவு 8.33

கண்டுபிடித்தாயிற்று. குறியீட்டில் இருப்பது & மட்டும். வலைப்பக்க மொழியில் & குறியை எழுத அந்த மூன்று எழுத்தையும் அரைப்புள்ளியையும் கூடவே சேர்ப்பார்கள். உங்கள் பதிவாளரின் மடல் அனுப்பும் நிரல் அதைத் திருப்பி மாற்றாமல் அப்படியே அனுப்பிவிட்டது. அந்த நான்கையும் நீக்கிவிட்டு ஒட்டுங்கள். அல்லது கணக்குப் பக்கத்திலேயே புதிய குறியீடு எடுங்கள். தவறாக ஒட்டியதால் பூட்டு விழாது.


மாலைப்பள்ளிச் செயலர் | ஜூலை 28, இரவு 8.41

ஏற்றுக்கொண்டது! நிலை 'பெண்டிங் டிரான்ஸ்ஃபர்'. பழைய பதிவாளரிடமிருந்தும் மடல் வந்துவிட்டது: மறுப்பதானால் 5 நாளுக்குள் சொல்லுங்கள், இல்லாவிட்டால் நடந்துவிடும் என்று. உடனே ஒப்புக்கொள்ளும் பொத்தானும் இருக்கிறது. அழுத்தலாமா?


கரும்புத்தோட்டம் | ஜூலை 28, இரவு 8.50

இந்த முறை அந்த மடல் உயிருள்ள முகவரிக்கு வந்திருக்கிறது, கவனித்தீர்களா வலைக்கொல்லரே?


வலைக்கொல்லன் | ஜூலை 28, இரவு 8.52

கவனித்தேன் ஐயா. அழுத்துங்கள் செயலரே.


மாலைப்பள்ளிச் செயலர் | ஜூலை 29, காலை 7.20

காலையில் பார்த்தால் பதிவாளர் பெயர் மாறியிருக்கிறது. காலாவதி இன்னும் இரண்டு ஆண்டு தள்ளிப் போயிருக்கிறது. நான் புதுப்பித்தது ஒன்று, மாற்றத்தோடு வந்தது ஒன்று. தளம் ஒரு நொடிகூட நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கூழ். வர முடிந்தவர்கள் வாருங்கள், ஐயா கட்டாயம் வர வேண்டும்.


உம்கெனி அக்கா | ஜூலை 29, காலை 7.45

புதிய இடத்தில் பூட்டைப் போட்டீர்களா? இரட்டைச் சரிபார்ப்பு?


மாலைப்பள்ளிச் செயலர் | ஜூலை 29, காலை 7.58

இரண்டும் போட்டாயிற்று அக்கா. இரட்டைச் சரிபார்ப்பு என் தொலைபேசியிலும் பொருளாளர் தொலைபேசியிலும். மீட்புக் குறியீடுகளை அவர் நோட்டில் எழுதிக்கொண்டார்.


கரும்புத்தோட்டம் | ஜூலை 29, காலை 8.03

எந்த நோட்டில்?


மாலைப்பள்ளிச் செயலர் | ஜூலை 29, காலை 8.10

அதே நோட்டில்தான் ஐயா. இந்த ஆண்டுச் சோளமாவுக் கணக்குக்குக் கீழே. இந்த முறை பேனாவால்.